குடிநுழைவு வழக்கில் தண்டனை அதிகமா? மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான்

நீதிமன்ற வராந்தாவில் ஓர் அம்மா என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, நீங்க பத்திரிகைதானே? எங்க அண்ணன் மகன் ஊர்லேர்ந்து வந்தவன். விசா முடிஞ்சும் தங்கிட்டான்னு பிடிச்சு எட்டு மாசம் போட்டுட்டாங்க. இது ரொம்ப அதிகம்னு எல்லாரும் சொல்றாங்க. மேல கேக்கலாமா?"

"தீர்ப்பு வந்து எத்தனை நாள் ஆச்சும்மா?" என்றேன்.

"மூணு வாரம் இருக்கும்."

மேல்முறையீடு செய்யச் சட்டம் கொடுக்கும் காலம் 14 நாள். அது ஒரு வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குக் கேட்கவும் தெரியவில்லை.

குடிநுழைவுக் குற்றங்களுக்கான தண்டனை நம் சமூகத்துக்குத் தூரத்து விஷயம் அல்ல. உணவகம், முடிதிருத்தும் நிலையம், நகைப்பட்டறை, துணிக்கடை எனத் தமிழர் நடத்தும் பல தொழில்கள் தமிழகத்திலிருந்து வரும் ஆட்களை நம்பி நடக்கின்றன. மலேசியரை மணந்து இங்கேயே தங்கிவிட்டு, விசாவைப் புதுப்பிக்கத் தவறியவர்களும் உண்டு. அதனால் குற்றவாளிக் கூண்டில் தொழிலாளியும் நிற்கிறார், முதலாளியும் நிற்கிறார், சில நேரம் வீட்டை வாடகைக்கு விட்டவரும் நிற்கிறார். தீர்ப்புக்குப் பிறகு சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்பதை இந்தக் கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை?

தண்டனை அதிகமா, சரியா என்று பேசுமுன் சட்டம் வகுத்துள்ள எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1959/63ஆம் ஆண்டு குடிநுழைவுச் சட்டம் 2002இல் திருத்தப்பட்டபோது தண்டனைகள் வெகுவாகக் கடுமையாயின. நீதிமன்றங்களில் அடிக்கடி வரும் பிரிவுகள் இவை:

6(1)(சி) பிரிவு: செல்லுபடியாகும் பாஸ் இல்லாமல் நாட்டுக்குள் வருவது அல்லது இருப்பது. 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு ஆறு பிரம்படி வரை விதிக்கலாம்.

15(1)(சி) பிரிவு: முறையாக வந்து, பாஸ் காலாவதியான பிறகும் தங்கியிருப்பது. 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

36ஆம் பிரிவு: நாடு கடத்தப்பட்டவர் அனுமதியின்றித் திரும்பி வருவது. 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பிரம்படியும் விதிக்கப்படலாம்.

55பி பிரிவு: செல்லுபடியாகும் பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைப்பது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை.

55இ பிரிவு: தன் பொறுப்பிலுள்ள இடத்தில் சட்டவிரோதக் குடியேறி நுழையவோ தங்கவோ விடுவது. முதல் முறை என்றால் ஒவ்வொருவருக்கும் 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

56(1)(டி) பிரிவு: சட்டவிரோதக் குடியேறிக்கு அடைக்கலம் கொடுப்பது. ஒவ்வொருவருக்கும் 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத் தண்டனையும் உண்டு.

இந்தப் பட்டியலில் 'குறையாத' என்ற சொல் வரும் இடங்களைக் கவனியுங்கள். சட்டமே கீழ் எல்லை வகுத்திருந்தால் உயர்நீதிமன்றமும் அதற்குக் கீழே போக முடியாது. பெர்மிட் இல்லாத மூன்று பேரை வேலைக்கு வைத்த உணவகக்காரருக்கு 55பி பிரிவின்கீழ் அபராதம் மட்டும் விதிக்கப்பட்டால், குறைந்தது 30,000 ரிங்கிட், கூடியது 150,000 ரிங்கிட். நீதிமன்றம் 60,000 விதித்தால் அதை 30,000 வரை குறைக்கக் கேட்கலாம். 10,000 ஆக்கச் சொல்லிக் கேட்க முடியாது. அவரிடம் வேலை செய்தவர்கள் ஆறு பேர் என்றால் அபராதத்தோடு தப்பவும் முடியாது. ஆறு மாதச் சிறைதான் தொடக்கமே.

'விதிக்கப்படலாம்' என்ற சொல்லும் அதே அளவு முக்கியம். 6ஆம் பிரிவில் பிரம்படி கட்டாயம் இல்லை. நீதிபதி விரும்பினால் விதிக்கலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். இப்படி நீதிபதியின் விருப்புரிமைக்கு விடப்பட்ட இடங்களில்தான் மேல்முறையீட்டுக்கு வேலை இருக்கிறது.

'அதிகம்' என்பதை நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது?

தண்டனை பெற்றவரின் குடும்பத்துக்கு எந்தத் தண்டனையும் அதிகமாகத்தான் தெரியும். உயர்நீதிமன்றம் அந்தக் கண்ணால் பார்ப்பதில்லை. "நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன கொடுத்திருப்பேன்?" என்று அது கேட்டுக்கொள்வதும் இல்லை.

இந்த அளவுகோலைத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு ஒன்றை மலேசிய வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். 1982ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த அந்தக் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பை எழுதியவர் ராஜா அஸ்லான் ஷா, அதாவது பின்னாளில் பேராக் சுல்தானாகவும் நாட்டின் மாமன்னராகவும் விளங்கியவர். அதன் சாரம் இது: விருப்புரிமை என்றாலே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. நியாயமாகச் சிந்திக்கும் இரண்டு பேர் ஒரே வழக்கில் இரண்டு விதமாக முடிவு செய்யக்கூடும், அதில் தவறில்லை. ஆனால் ஒரு தண்டனை வழக்கமான எல்லையை விட்டு வெகுதூரம் போயிருந்தால், எங்கோ சட்டப் பிழை நேர்ந்திருக்க வேண்டும் என்று மேல் நீதிமன்றம் முடிவு செய்யலாம். அப்போதுதான் அது தலையிடும்.

எடுத்துக்காட்டாக, இதே போன்ற வழக்குகளில் நான்கு முதல் எட்டு மாதம் வரை கொடுக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் உறவினருக்கு ஏழு மாதம் கிடைத்திருந்தால், "ஐந்து கொடுத்திருக்கலாமே" என்ற வாதம் எடுபடாது. இருபது மாதம் கிடைத்திருந்தால் கதை வேறு.

ஆகவே மேல்முறையீட்டில் பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டும், இரக்கத்தை மட்டும் கேட்டால் போதாது. பொதுவாக எடுபடும் பிழைகள் ஐந்து வகை:

ஒன்று, உண்மை விவரத்தில் பிழை. முதல் குற்றவாளியை ஏற்கெனவே தண்டனை பெற்றவராக எடுத்துக்கொள்வது இதற்கு உதாரணம்.

இரண்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்காதது. குற்றத்தை ஒப்புக்கொண்டது, நோய், ஏற்கெனவே காவலில் கழித்த நாட்கள் போன்றவை கணக்கில் எடுக்கப்படாமல் போயிருக்கலாம்.

மூன்று, பார்க்கக்கூடாததைப் பார்த்தது. குற்றச்சாட்டில் இல்லாத ஒன்றுக்கும் சேர்த்துத் தண்டித்தது போலத் தெரிந்தால் இந்த வாதம் வரும்.

நான்கு, ஒரே குற்றத்தைச் செய்த இருவருக்குக் காரணமின்றி வெவ்வேறு தண்டனை.

ஐந்து, மொத்தக் கணக்கு. பல குற்றச்சாட்டுகளுக்கான சிறைத் தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்கலாம், ஒன்றன்பின் ஒன்றாகவும் அனுபவிக்கச் சொல்லலாம். ஒரே சம்பவத்திலிருந்து பிறந்த குற்றச்சாட்டுகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விதித்திருந்தால் அதைக் கேள்வி கேட்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டத்துக்கே புறம்பான தண்டனை என்று ஒன்று உண்டு. பெண்களுக்குப் பிரம்படி விதிக்க முடியாது. குடிநுழைவுக் குற்றங்களில் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் விதிக்க முடியாது. அப்படி விதிக்கப்பட்டால் அது நிற்காது.

குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீடு செய்யலாமா?

குடிநுழைவு வழக்குகளில் பெரும்பாலோர் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். "ஒப்புக்கிட்டாச்சு, இனி வாய் திறக்க முடியாது" என்று நினைப்பது பாதி மட்டுமே சரி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305ஆம் பிரிவுப்படி, ஒப்புக்கொண்டவர் குற்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் எதிர்க்கலாம். நமக்குத் தேவையானதும் பெரும்பாலும் அதுதான்.

ஒப்புக்கொள்வதற்கே ஒரு மதிப்பு உண்டு. நீதிமன்றத்தின் நேரத்தையும் சாட்சிகளின் சிரமத்தையும் மிச்சப்படுத்தியதற்காக, வழக்கமான தண்டனையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைப்பது பொது வழக்கம் என்று அப்போதைய உச்சநீதிமன்றம் 1980களின் இறுதியில் குறிப்பிட்டது. இது தானாகக் கிடைக்கும் கழிவு அல்ல. பொது நலன் பெரிது என்று கருதினால் நீதிபதி மறுக்கலாம். ஆனாலும், முதல் குற்றம், முதல் நாளே ஒப்புதல் என்ற நிலையிலும் உச்ச எல்லைக்கு அருகே தண்டனை போயிருந்தால் கேள்வி எழுப்ப அது நல்ல காரணம்.

ஒப்புதல் செல்லுபடியாக வேண்டுமானால், தான் ஒப்புக்கொள்வது எதை, அதன் விளைவு என்ன என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நம் நீதிமன்றங்களில் மலாய் ஓடுகிறது. ராமநாதபுரத்திலிருந்து வந்து ஆறு மாதமான ஓர் இளைஞருக்கு அதில் எவ்வளவு புரியும்? மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது அவருடைய உரிமை. ஜுருபாஹாசா என்ற அந்த ஒரு மலாய்ச் சொல்லாவது அவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. புரியாமல் தலையாட்டியதாகப் பதிவேட்டில் தெரிந்தால், அந்த ஒப்புதலையே உயர்நீதிமன்றத்தின் மறுஆய்வுக்குக் கொண்டுபோகலாம்.

மேல்முறையீட்டுக்கு விதை போடும் நாள் எது?

மேல்முறையீடு தீர்ப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தண்டனை விதிக்கப்படும் அந்தக் காலையிலேயே அதற்கு விதை விழுந்துவிடுகிறது.

குற்றம் உறுதியானதும், தண்டனைக்கு முன் நீதிபதி "ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்பார். மலாயில் இதை மித்திகாசி என்பார்கள். தமிழில் தணிப்பு வாதம் எனலாம். வழக்கறிஞர் இல்லாதவர்கள் இந்த இடத்தில் "மன்னிச்சிடுங்க, ஊருக்குப் போகணும்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பதிவேட்டில் அந்த ஒரு வரிதான் ஏறும். உயர்நீதிமன்றம் படிப்பது அந்தப் பதிவேட்டைத்தான். கீழ் நீதிமன்றத்தில் யாரும் சொல்லாத ஒன்றைக் கீழ் நீதிபதி கவனிக்கவில்லை என்று மேலே போய்க் குறை சொல்வது கடினம்.

அந்தச் சில நிமிடங்களில் சொல்ல வேண்டியவை:

எப்போது கைதானார், இதுவரை எத்தனை நாள் காவலில் கழிந்தது. குடிநுழைவு வழக்கில் தடுப்புக் காவலே வாரக்கணக்கில் நீளலாம். சிறைத் தண்டனையைக் கைதான நாளிலிருந்து கணக்கிடும்படி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தீர்ப்பு நாளிலிருந்து ஓடும்.

எப்படி வந்தார். ஏஜண்டிடம் பணம் கட்டி ஏமாந்தாரா? கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது? பெர்மிட் புதுப்பிப்பதாகச் சொல்லி யாராவது சம்பளத்தில் பிடித்தார்களா? ரசீதும் கைப்பேசிக் குறுஞ்செய்தியும் இருந்தால் காட்டுங்கள்.

முன்குற்றம் உண்டா. வயது, உடல்நிலை, நம்பியிருக்கும் குடும்பம். மலேசியத் துணைவரோ குழந்தைகளோ இருந்தால் திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும்.

ஐநா அகதிகள் ஆணையத்தின் அட்டை இருந்தால் அது.

முதலாளி என்றால், பெர்மிட்டுக்கு விண்ணப்பித்த ஆவணங்கள், லெவி கட்டிய ரசீது, தொழிலாளிகளுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுத்த கணக்கு.

உறவினர்கள் இவற்றை வழக்கறிஞரிடமோ குற்றம் சாட்டப்பட்டவரிடமோ முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும். தீர்ப்புக்கு மறுநாள் கொண்டுபோகும் மருத்துவச் சான்றிதழுக்குப் பாதி மதிப்புதான்.

14 நாளில் செய்ய வேண்டியது என்ன?

குடிநுழைவு வழக்குகள் பெரும்பாலும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலோ செஷன்ஸ் நீதிமன்றத்திலோ நடக்கின்றன. மேல்முறையீடு உயர்நீதிமன்றத்துக்குப் போகும். வழிமுறை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307ஆம் பிரிவில் உள்ளது.

முதல் படி, மேல்முறையீட்டு நோட்டீஸ். மலாயில் நோத்திஸ் ராயுவான். தண்டனை விதிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள், தண்டித்த அதே நீதிமன்றத்தின் அலுவலகத்தில் உரிய கட்டணத்தோடு தாக்கல் செய்ய வேண்டும். இது நீளமான ஆவணம் அல்ல. இந்த வழக்கில் இந்தத் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்கிறேன் என்று தெரிவித்தால் போதும். காரணங்களை விரிவாக எழுத வேண்டிய கட்டம் பின்னால் வருகிறது. நல்ல வழக்கறிஞரைத் தேடுகிறோம் என்று நோட்டீசைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாம் படி, பதிவேடு. நோட்டீஸ் கிடைத்ததும் கீழ் நீதிமன்றம் வழக்கின் பதிவேட்டையும் தீர்ப்புக்கான காரணங்களையும் தயார் செய்யும். இதற்குச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம்.

மூன்றாம் படி, மேல்முறையீட்டு மனு. மலாயில் பெத்திஷேன் ராயுவான். பதிவேடு கையில் கிடைத்த பிறகு மீண்டும் ஒரு 14 நாள் தொடங்குகிறது. அதற்குள் என்னென்ன காரணங்களுக்காகத் தண்டனையை எதிர்க்கிறோம் என்று குறிப்பாக எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். மனுவில் இல்லாத காரணத்தை விசாரணையின்போது நீதிபதியின் அனுமதி இல்லாமல் எழுப்ப முடியாது. இந்த மனுவைத் தாக்கல் செய்யாவிட்டால் மேல்முறையீட்டைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். முதல் 14 நாளைப் பிடித்துவிட்டு இரண்டாவது 14 நாளைத் தவறவிட்டாலும் முடிவு அதேதான்.

சிறையில் இருப்பவர் என்ன செய்வது? சட்டம் அவரையும் நினைத்துப் பார்த்திருக்கிறது. அதே கால அளவுக்குள் சிறை அதிகாரியிடம் எழுத்திலோ வாய்மொழியாகவோ மேல்முறையீடு செய்வதாகத் தெரிவித்தால் தாக்கல் செய்ததாகவே கொள்ளப்படும். சிறையில் பார்க்கப் போகும் உறவினர் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். என்றைக்குச் சொன்னார், யாரிடம் சொன்னார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் கொடுத்தால் தண்டனை நிற்குமா?

சிறைத் தண்டனை தானாக நிற்காது. மேல்முறையீடு முடியும் வரை தண்டனையை நிறுத்திவைக்கும்படி 311ஆம் பிரிவின்கீழ் தனியாகக் கேட்க வேண்டும். ஜாமீன் தொகை போன்ற நிபந்தனைகளோடு நீதிமன்றம் அனுமதிக்கலாம். மலேசியாவில் வீடும் தொழிலும் உள்ள முதலாளிக்கு இது எளிது. பாஸ் இல்லாத வெளிநாட்டவருக்குக் கடினம். வெளியே விட்டால் எந்த அனுமதியில் அவர் தங்குவார் என்ற கேள்வி உடனே எழும்.

பிரம்படி மட்டும் விதிவிலக்கு. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை பிரம்படியை நிறைவேற்றக்கூடாது என்று அதே 311ஆம் பிரிவு சொல்கிறது. சிறையில் கழித்த நாளுக்கோ கட்டிய அபராதத்துக்கோ பின்னால் ஏதாவது ஈடு செய்யப் பார்க்கலாம். விழுந்த பிரம்படியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே தண்டனையில் பிரம்படி இருந்தால் 14ஆம் நாள் வரை காத்திருக்காமல் முதல் நாளிலேயே நோட்டீசைக் கொடுத்துவிடுங்கள்.

நோட்டீஸ் கொடுக்குமுன் எடைபோட வேண்டியவை

மேல்முறையீடு எல்லாருக்கும் ஏற்ற மருந்து அல்ல. மூன்று விஷயங்களைக் குடும்பத்தினர் உட்கார்ந்து பேச வேண்டும்.

முதலாவது, தண்டனை கூடவும் கூடும். 316ஆம் பிரிவு உயர்நீதிமன்றத்துக்குத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தோடு கூட்டும் அதிகாரத்தையும் கொடுக்கிறது. தண்டனை போதவில்லை என்று அரசு தரப்பும் மேல்முறையீடு செய்யலாம். கீழ் எல்லையை ஒட்டியே தண்டனை கிடைத்தவர் மேலே போவதில் லாபம் குறைவு, ஆபத்து அதிகம்.

இரண்டாவது, காலம். நான்கு மாதச் சிறைத் தண்டனை பெற்றவர், நன்னடத்தைக் கழிவும் கிடைத்து, மேல்முறையீடு விசாரணைக்கு வருமுன்பே தண்டனையை முடித்துவிடக்கூடும். அதன் பிறகு வழக்கு நடத்துவது பெயருக்குத்தான். நீண்ட சிறை, பிரம்படி, பெரிய அபராதம் ஆகிய மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் மேல்முறையீட்டுக்குப் போதிய காரணம் இருக்கும்.

மூன்றாவது, தண்டனைக்குப் பிறகு நடப்பது. சிறை முடிந்ததும் வெளிநாட்டவர் நேராக வீட்டுக்கு வருவதில்லை. குடிநுழைவுத் தடுப்பு முகாமுக்கு மாற்றப்பட்டு, பயணப் பத்திரமும் டிக்கெட்டும் தயாரான பிறகு நாடு கடத்தப்படுவார். உயர்நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தாலும் நாடு கடத்தும் முடிவும், மீண்டும் நுழைய விடலாமா என்ற முடிவும் குடிநுழைவுத் துறையின் கையில் இருக்கின்றன. சீக்கிரம் ஊர் போய்ச் சேர்வதுதான் நோக்கம் என்றால், வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தை டிக்கெட்டுக்கும் தூதரக ஆவணத்துக்கும் செலவழிப்பது அறிவான முடிவாக இருக்கலாம்.

காலம் தாண்டிவிட்டால்?

கதவு முழுதாக மூடுவதில்லை. இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று 310ஆம் பிரிவு. சட்டம் கேட்கும் நடைமுறையைப் பின்பற்றாததால் மேல்முறையீட்டு உரிமையை இழந்தவருக்கு உயர்நீதிமன்ற நீதிபதி சிறப்பு அனுமதி கொடுக்கலாம். ஏன் தாமதமானது என்பதற்கு நம்பத்தக்க விளக்கம் வேண்டும். மேல்முறையீட்டில் உண்மையான விஷயம் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். தாமதம் கூடக் கூட வாய்ப்பு குறையும்.

மற்றது மறுஆய்வு. மலாயில் செமாக்கான். கீழ் நீதிமன்றத்தின் தண்டனை சரியானதா, முறையானதா, சட்டப்படியானதா என்று பதிவேட்டை வரவழைத்துப் பார்க்க உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இது மேல்முறையீட்டைப் போல உரிமை அல்ல, நீதிமன்றத்தின் மேற்பார்வை அதிகாரம். வெளிப்படையான அநீதி தெரிந்தால் மட்டுமே பயன்படும்.

உயர்நீதிமன்றம் தண்டனையில் கைவைப்பதற்கு அண்மைக்கால உதாரணம் கெடாவில் உண்டு. 2020 ஏப்ரலில் படகில் லங்காவிக்கு வந்து சேர்ந்த ரோஹிங்யா அகதிகளுள் பலர் மீது 6ஆம் பிரிவின்கீழ் வழக்கு தொடரப்பட்டது. ஆண்கள் சிலருக்குச் சிறையோடு பிரம்படியும் விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை 22ஆம் தேதி, 27 பேரின் பிரம்படித் தண்டனையை அலோர் ஸ்டார் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அவர்கள் அகதிகள் என்பதும், வன்முறையில் ஈடுபட்டவர்களோ பழைய குற்றவாளிகளோ அல்லர் என்பதும் அங்கே எடைபோடப்பட்டன. மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. அப்படியிருந்தும் தண்டனை நியாயமானதா என்ற கேள்விக்குள் அந்த நிலைமை இடம் பிடித்தது.

உயர்நீதிமன்றத்துக்கு மேல் போகலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. செஷன்ஸ் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போகலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடங்கியது என்றால் சட்டக் கேள்வி இருக்க வேண்டும், அனுமதியும் பெற வேண்டும். தண்டனை கூடுதல் என்ற வாதத்துக்குப் பெரும்பாலும் உயர்நீதிமன்றமே கடைசி நிலையம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூர் வாசகர்கள் பலருக்குச் சிங்கப்பூரிலும் உறவுகள் உண்டு. அங்கும் மேல்முறையீட்டு நோட்டீசுக்கு 14 நாள்தான். 'வெளிப்படையாக மிகையான தண்டனை' என்பதே அங்கும் அளவுகோல். ஒரு வேறுபாடு முக்கியம். சிங்கப்பூரில் அனுமதி முடிந்து 90 நாளுக்கு மேல் தங்கிய ஆணுக்கு ஆறு மாதம் வரை சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படி என்று சட்டமே சொல்கிறது. அந்த மூன்றுக்குக் கீழே குறைக்க எந்த நீதிபதிக்கும் இடமில்லை. பெண்களுக்கும் 50 வயது தாண்டிய ஆண்களுக்கும் அங்கும் பிரம்படி கிடையாது.

உதவி எங்கே கிடைக்கும்?

மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் மாநிலங்களில் இயங்குகின்றன. வசதியற்றவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம். தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் குற்றவியல் உதவி அடிப்படையில் மலேசியக் குடிமக்களுக்கானது, ஆகவே வழக்கில் சிக்கிய சிறு வியாபாரிகளுக்குப் பயன்படக்கூடும். வெளிநாட்டவர் கைதானால் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கலாம். தூதரகம் வழக்கு நடத்தாது. ஆனால் அடையாளத்தை உறுதிசெய்து பயணப் பத்திரம் தருவது அதுதான். அந்தப் பத்திரம் தாமதமானால் தடுப்பு முகாமில் இருக்கும் நாட்கள் கூடும்.

எங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியவை நான்கு: வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், எந்தப் பிரிவின்கீழ் குற்றச்சாட்டு என்ற விவரம், தண்டனை விதிக்கப்பட்ட தேதி. இந்த நான்கும் இல்லாமல் எந்த வழக்கறிஞராலும் முதல் அடி எடுத்துவைக்க முடியாது. தீர்ப்பு நாளில் நீதிமன்றத்துக்குப் போகும் உறவினர் அழுதுகொண்டு திரும்பாமல் இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு திரும்பினால், அதுவே பெரிய உதவி.

வராந்தாவில் பார்த்த அம்மாவிடம் அன்று தேதி மட்டும் இருந்தது. மற்ற மூன்றையும் நீதிமன்ற அலுவலக முகப்பிடத்தில் கேட்டு வாங்கினோம். வழக்கு 15ஆம் பிரிவு, அதனால் பிரம்படி இல்லை. எட்டு மாதத்தில் மூன்று வாரம் போயிருந்தது. காவலில் இருந்த நாட்கள் கணக்கில் சேர்ந்தனவா என்பது அவருக்குத் தெரியவில்லை. சட்ட உதவி மையத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"இத அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருந்தா..." என்று அவர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள், தேவைப்படும் ஒருவருக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

(இது பொதுத் தகவலுக்கானது. ஒவ்வொரு வழக்கின் விவரமும் வேறுபடும். முடிவெடுக்குமுன் வழக்கறிஞரை அணுகவும்.)